டாக்டரம்மா சொன்ன விலை

சிராங்கூன் ரோட்டில் சேதுபதி ஜவுளிக்கடைக்குள் நுழைந்து, முதலில் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் போனவர் ஒரே ஒருவர்தான். கப்பலிலிருந்து இறங்கி ஊர் பார்க்க வந்த வெள்ளைக்காரர். பட்டுத் துண்டு ஒன்றைத் தொட்டுக் காட்டி விலை கேட்டார். சேதுபதி வழக்கம்போல மும்மடங்கு சொன்னார். அந்த மனிதர் பணத்தை எடுத்து வைத்து, நன்றி சொல்லி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு மத்தியானம் சேதுபதிக்குச் சோறு இறங்கவில்லை.

"ஒரு வார்த்தை பேசலயே, சந்திரா," என்று மனைவியிடம் முறையிட்டார். "மனுஷனை மனுஷனா மதிச்சிருந்தா கொஞ்சமாச்சும் கொறைச்சுக் கேட்டிருப்பான்ல? பிச்சைக்காரனுக்குப் போடற மாதிரி போட்டுட்டுப் போயிட்டான்."

கஞ்சர் என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது. கோயில் அன்னதானத்துக்கு மூட்டை மூட்டையாக அரிசி அனுப்புகிறவர். மனைவிக்கும் இரண்டு பெண்களுக்கும் கேட்டதற்குமேல் வாங்கிக் கொடுக்கிறவர். பேரம் அவருக்குக் காசு விஷயமே இல்லை. முதலில் சொல்லப்படுவது எதுவும் உண்மையாக இருக்க முடியாது; அது அவருடைய மதம்.

அந்த மதத்துக்கு அவர் மனைவி சந்திரமதி இரண்டு வருஷம் போல ரத்தம் கொடுத்தாள்.

கீழே கடை, மேல்மாடியில் வீடு. சந்திரமதிக்கு நாற்பது நெருங்கிய சமயம், சிங்கப்பூரில் புது அரசாங்கம் வந்து எல்லாரும் மாலை போட்டுக்கொண்டு திரிந்த வருஷத்தில், அவளுடைய மாதவிலக்கு கட்டுக்கடங்காமல் போயிற்று. மூன்று நாளில் அடங்க வேண்டியது பத்து நாள் ஓடியது. சில மாதங்களில் இது நிற்பதற்குள் அடுத்தது வந்து சேர்ந்துகொண்டது. கட்டி கட்டியாக விழும். காலையில் எழுந்து நின்றால் கணுக்கால் வரை வழியும். துணிக்கு மட்டும் பஞ்சமில்லை. விற்காமல் மிஞ்சிய துண்டுகளில் கறுப்பு நிறமும் அரக்கு நிறமுமாகப் பொறுக்கி எடுத்துக்கொள்வாள். மடித்து மடித்து வைத்தாலும் ஒரு படம் பார்த்து முடிக்கும்வரை தாங்காது என்பதால் சினிமாவுக்குப் போவதை விட்டாள். துவைத்ததை வெளியே உலர்த்த முடியாது, பின்சந்து முழுக்க எதிர் வீட்டு ஜன்னல்கள். குளியலறைக் கொடியில் பழைய புடவை ஒன்றைப் போர்த்தி அதற்கடியில் போடுவாள். மழைக்காலத்தில் அது காயாது. ஈரத்தையே மறுபடி கட்டிக்கொண்டு, தொடையிடுக்கு புண்ணாகி, அகட்டி அகட்டி நடப்பாள்.

விலக்கு நாட்களில் அடுப்பைத் தொடக்கூடாது என்பது சேதுபதி குடும்பத்து வழக்கம். சிங்கப்பூரில் தனி அறைக்கு இடமில்லாததால் அது மூன்று நாளிலிருந்து ஒரு நாளாகப் பேசி இறக்கப்பட்டிருந்தது. இப்போது மாதத்தில் பாதி நாள் விலக்கு என்றால் யார் சமைப்பது? முதல் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டால் போதும், அதற்குமேல் வருகிற ரத்தம் சேர்த்தியில்லை என்று சேதுபதி தீர்ப்பு சொன்னார். சாமியும் இத்தனை வருஷமாக அவரோடு பழகியவர் ஆயிற்றே, மறுத்துப் பேசவில்லை.

கடை வாசலை ஒட்டிய அஞ்சடி நடைபாதையில் மருதப்பன் தையல் மிஷின் போட்டிருந்தான். முப்பது வயது, அதிகம் பேசமாட்டான். அவன் துணியில் கோடு போடும் சாக்குக்கட்டி அடிக்கடி காணாமல் போக ஆரம்பித்தது.

"அண்ணே, உங்க கடை எலிக்கு சாக்குக்கட்டின்னா உசுரு போலிருக்கு," என்று சேதுபதியிடம் சொன்னான்.

"எலி துணியைத்தான்டா கடிக்கும். நீ எங்கயாவது போட்டுட்டு எலி மேல பழி சொல்லாத."

எடுத்தது சந்திரமதி. ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை. வாயில் போட்டால் மழை விழுந்த மண்ணின் வாசம் வரும். கரைந்து முடிந்ததும் இன்னொன்று வேண்டும். மாடிப்படியில் பாதி ஏறுவதற்குள் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. உதடு, நகம் எல்லாம் வெளுத்துப்போய், பெண்கள் இருவரும் "அம்மா, பவுடர் அப்பிக்கிட்டியா?" என்று கேலி செய்தார்கள்.

சவுத் பிரிட்ஜ் ரோட்டு மாரியம்மன் கோயிலில் ஒரு கல்யாணம். மூன்று சக்கர வண்டியில் திரும்பி வந்து இறங்கியபோது இருக்கை முழுக்க நனைந்திருந்தது. வண்டிக்காரர் வயதான சீனர். தெருக்குழாயில் தகரடப்பாவை நிரப்பி வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் ஊற்றிக் கழுவினார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். வீட்டுக்குள் வந்து புடவையை மாற்றிக்கொண்டு கீழே இறங்கி, வாடிக்கைக்காரர்கள் இருக்கும்போதே சொன்னாள்: "ஏங்க, நான் ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"போகலாம் போகலாம். நானும் வர்றேன். தனியாப் போனா தலையில கட்டிடுவாங்க," என்றார் சேதுபதி.

ஆஸ்பத்திரியில் பார்த்தது ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா. நெட்டையான, களைத்த முகம். இங்கிலீஷ் தவிர வேறு பாஷை தெரியாது. அவளுக்கும் நோயாளிக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொன்னவள் பெட்டி என்கிற நர்ஸ். தமிழ்க் கத்தோலிக்கப் பெண், குட்டையாக, வாய் நிறையச் சிரிப்பு. பரிசோதனை முடிந்ததும் டாக்டரம்மா சுருக்கமாகச் சொன்னாள், பெட்டி அதைத் தமிழில் சொன்னாள்.

"கர்ப்பப்பையில கட்டி இருக்குக்கா. ஒண்ணு ரெண்டு இல்ல, கொத்தா இருக்கு. அதனாலதான் இவ்வளவு போகுது. கர்ப்பப்பையை எடுத்துட்டா சரியாயிடும்னு சொல்றாங்க."

சந்திரமதி கணவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் பதற்றமே இல்லை. கடையில் வாடிக்கைக்காரர் புடவையை விரித்துப் பார்க்கும்போது வருகிற சாவதானம் வந்திருந்தது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"எடுத்த எடுப்பில பையையே கேக்கறாங்களே," என்றார். "எடுக்காம வேற என்ன செய்யலாம்னு கேளுங்க, சிஸ்டர்."

பெட்டி கேட்டாள். உள்ளே சுரண்டிச் சுத்தம் செய்து பார்க்கலாம், ஆனால் கட்டி இருக்கும்வரை அது நிலைக்காது என்று பதில் வந்தது.

"அதுக்கும் கீழ?"

"கீழன்னா?"

"அதைவிடச் சின்னதா. கத்தியே படாம."

டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். ரத்தம் ஊற இரும்புச்சத்து மாத்திரை தரலாம். அது ரத்தப்போக்கை நிறுத்தாது, இழந்ததை ஓரளவு ஈடு செய்யும், அவ்வளவுதான் என்றாள். அவளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது மனைவிக்காகப் பயப்படுகிற கணவன் என்று அவள் நினைத்தாள். அதுவும் பொய்யில்லை.

"அதைக் கொடுக்கச் சொல்லுங்க. மிச்சத்தைப் பிறகு பாத்துக்கலாம்."

வெளியே வந்ததும் மனைவியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அடிக்குரலில் சொன்னார்: "பாத்தியா? பையையே கேட்டாங்க. மாத்திரையில முடிச்சிட்டேன்."

சந்திரமதிக்கும் அன்று பெருமையாகத்தான் இருந்தது. இருபது வருஷம் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் குடியிருந்தவள். சொல்கிற விலைக்கும் முடிகிற விலைக்கும் இருக்கிற தூரத்தில்தான் அவள் வீட்டு அடுப்பே எரிந்தது. டாக்டர் மட்டும் உண்மையைச் சொல்லியிருப்பார் என்று நினைக்க அவளுக்கு மட்டும் யார் கற்றுக் கொடுத்தார்கள்?

மாத்திரையில் மலம் கரியாகக் கறுத்தது, வயிறு கட்டிக்கொண்டது. ஊறுகிற ரத்தத்தைவிட ஓடுகிற ரத்தம் அதிகமாக இருந்தது. நடுவில் கேம்பல் லேனிலிருந்து நாட்டு மருந்து, அத்திப்பட்டைக் கஷாயம், தினம் வாழைப்பூ. வாழைப்பூ வாசம் பட்டாலே பெண்கள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா மறுபடியும் கர்ப்பப்பை என்றாள். சேதுபதி சுரண்டுவதற்குச் சம்மதித்துவிட்டு, பெரிய மனதோடு விட்டுக்கொடுத்தவர்போல எழுந்தார். சில மாதம் தேவலாம் போலிருந்தது. மனைவிக்குப் புது வளையல் வாங்கிக் கொடுத்தார், அஞ்சடியில் எல்லாரிடமும் சொன்னார். தீபாவளிக் கூட்டம் கடையில் நெருக்கித் தள்ளிய வாரத்தில் அது திரும்பி வந்தது, முன்னைவிட மோசமாக. மூன்றாம் தடவையும் டாக்டரம்மா கர்ப்பப்பை என்றாள். அப்போதுதான் புதிதாக வந்திருந்த ஏதோ மாத்திரையைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டு சேதுபதி அதைக் கேட்டு வாங்கினார். வாந்தியும் தலைவலியுமாக, முகம் உப்பி, மார்பு தொட முடியாமல் வலித்தது. ரத்தம் கொஞ்சம் குறைந்தது. மாத்திரையை நிறுத்தியதும் மடை திறந்தது.

"மூணு தடவையும் அவங்க கேட்டதை நாம கொடுக்கல," என்று சேதுபதி கடை வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சந்திரமதிக்குப் புத்தி வந்தது ஒரு செருப்புக் கடையில். இளைய மகளுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்க, நகரத்தில் குளிர்சாதனம் வைத்த பெரிய கடை ஒன்றுக்குப் போனாள். விலைச் சீட்டைப் பார்த்து, பழக்கத்தில் பாதி கேட்டாள். விற்கிற சீனப் பெண் கோபப்படவும் இல்லை, இறங்கவும் இல்லை. சீட்டைத் திருப்பி மறுபடி காட்டினாள். சந்திரமதி இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கேட்டாள். அந்தப் பெண் மறுபடியும் அதே சீட்டை, அதே சிரிப்போடு காட்டினாள்.

"அம்மா, இங்க பேரம் பேச மாட்டாங்கம்மா," என்று மகள் வெட்கத்தில் குன்றினாள். "போட்டிருக்கறதுதான் விலை. வாங்கு, இல்லாட்டி வா போகலாம்லா."

சந்திரமதி சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். முதல் தடவை கர்ப்பப்பை. இரண்டாம் தடவை கர்ப்பப்பை. மூன்றாம் தடவையும் அதேதான். டாக்டரம்மா ஒரு தடவைகூட இறங்கவில்லை. இறங்கிக்கொண்டே வந்தது தன் உடம்புதான்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். "ஏங்க, அந்தம்மா ஒரே விலைக்காரங்க."

"ஒரே விலைன்னு உலகத்துல ஒண்ணு கிடையாது, சந்திரா. எங்கப்பா எமன்கிட்டயே பேசிப் பத்து வருஷம் வாங்கினவரு."

"எனக்கு அவ்வளவு நாள் தாங்காது."

"பையை எடுத்துட்டா அப்புறம் நீ பொம்பளையான்னு நாலு பேரு கேப்பாங்க. உனக்காகத்தானே மல்லுக்கட்டறேன்? எனக்கென்ன, கையெழுத்துப் போட ஒரு நொடி."

அந்த ஒரு நொடிதான் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் அவள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். டாக்டரம்மா முடிவைப் பார்த்துவிட்டு, முதல் தடவையாகக் குரலை உயர்த்தினாள். பெட்டியின் முகத்தில் சிரிப்பு காணாமல் போனது.

"அக்கா, உங்க உடம்புல இருக்க வேண்டியதுல பாதி ரத்தம்கூட இல்லியாம். இன்னொரு பெரிய போக்கு வந்தா காப்பாத்த முடியாதுன்னு சொல்றாங்க. முதல்ல ரத்தம் ஏத்தணும், அப்புறம் உடனே ஆப்பரேஷன். வீட்டுக்காரர் கையெழுத்து வேணும். அது இல்லாம செய்ய மாட்டாங்க, அதுதான் இங்க வழக்கம்."

"என் கையெழுத்து போதாதா? பை என்னுதுதானே?"

பெட்டி அதை டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை. கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்து தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்காரவைத்து, மைலோ வாங்கி வந்து கொடுத்தாள். சந்திரமதி அதைக் குடித்து முடித்தாள்.

"உங்க டாக்டரம்மாவுக்கு வியாபாரம் தெரியல, சிஸ்டர்," என்றாள் பிறகு. "முதல் நாளே அடக்க விலையைச் சொல்லிட்டாங்க. அதுக்குக் கீழ எறங்க எடம் ஏது? அவரு எறக்காம வாங்கமாட்டாரு. அப்படியே வாங்கினா அவருக்குச் சோறு எறங்காது."

"அதுக்கு என்ன செய்யச் சொல்றீங்க?"

"இன்னும் ஏத்திச் சொல்லணும்."

பெட்டிக்குப் புரியச் சிறிது நேரம் ஆயிற்று. புரிந்ததும் நெஞ்சில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். "டாக்டர் அதெல்லாம் செத்தாலும் சொல்ல மாட்டாங்க."

"அவங்க ஏன் சொல்லணும்? அவங்க இங்கிலீஷ்ல உள்ளதைச் சொல்லட்டும். தமிழ்ல சொல்றது நீங்கதானே?"

"பொய் சொல்லச் சொல்றீங்களாக்கா? ஞாயித்துக்கிழமை நான் சாமியார்கிட்ட செஞ்ச பாவத்தையெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணணும்."

"பொய்ன்னு ஏன் நெனைக்கிறீங்க? விலைன்னு நெனைச்சுக்குங்க. எங்க கடையில தினமும் சொல்றோம், ஒருத்தரும் நரகத்துக்குப் போனதாத் தெரியல."

பெட்டி தன் வெள்ளைச் சப்பாத்தின் நுனியைப் பார்த்தாள். "நான் சின்னப் பிள்ளையா இருக்கறப்ப எங்கம்மாவுக்கும் இப்படித்தான் போச்சு," என்றாள். எழுந்து போகும்போது, "வியாழக்கிழமை கூட்டிட்டு வாங்க. நான் இருப்பேன்," என்றாள்.

வியாழக்கிழமை சேதுபதி சலவைச் சட்டை போட்டு, விபூதி பூசி, தயாராக வந்தார். டாக்டரம்மா காகிதங்களைப் பார்த்துக்கொண்டே, கர்ப்பப்பையை மட்டும் எடுக்கவேண்டும், சினைப்பைகள் இருக்கட்டும், இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தால் போதும் என்று சொன்னாள். பெட்டி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"கர்ப்பப்பையை எடுக்கணும், ரெண்டு பக்கச் சினைப்பையையும் எடுக்கணும்னு சொல்றாங்கய்யா. மொத்தமா. அப்புறம் ஆறு மாசம் இங்கயே படுத்திருக்கணுமாம்."

சேதுபதியின் கண் விரிந்தது. இத்தனை காலம் மூடிய கதவை முட்டிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று திடல் கிடைத்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஆறு மாசமா? ஆறு மாசம் யாரு சோறாக்குறது? அதென்ன சினைப்பை? போன தடவை அந்தப் பேச்சே இல்லியே? வர வர ஏத்திக்கிட்டே போறாங்களே! முடியாதுன்னு சொல்லுங்க. சினைப்பை மேல கை வைக்கக் கூடாது."

பெட்டி திரும்பி, சினைப்பைகள் இருக்குமா என்று இவர் உறுதி செய்துகொள்ளக் கேட்கிறார் என்று இங்கிலீஷில் சொன்னாள். டாக்டரம்மா ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

சேதுபதி அந்தத் தலையாட்டலைப் பார்த்தார். மனைவியைப் பார்த்து ஒரு புருவத்தை உயர்த்தினார். "ஒண்ணு எறங்கிட்டா. இப்ப நாள். ஆறு மாசம் எல்லாம் ஆகாது, ஒரு மாசத்துக்கு மேல ஒரு நாள் இருக்க மாட்டாங்கன்னு சொல்லுங்க."

எத்தனை நாள் என்று பெட்டி கேட்டாள். டாக்டரம்மா, ஏற்கெனவே சொன்னோமே என்கிற சலிப்பில், இரண்டு விரலைக் காட்டி இரண்டு வாரம் என்றாள். அந்த அளவு இங்கிலீஷ் சேதுபதிக்குத் தெரியும். அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தேவிட்டார்.

"ரெண்டு வாரம்! ஆறு மாசம்னு ஆரம்பிச்சு ரெண்டு வாரம்!"

அங்கேதான் ஆபத்து வந்தது. இவ்வளவு இறங்குகிறவர்கள் இன்னும் இறங்குவார்கள் என்று எந்த வியாபாரிக்கும் தோன்றும். சேதுபதி மேஜைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டார். "இப்ப அந்தப் பையில பாதியை மட்டும்..." என்று தொடங்கினார். பெட்டியின் முகம் வெளிறியது. மேலே என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. கடை வாசலில் நின்று வளர்ந்தவள் அல்ல.

சந்திரமதி எழுந்தாள். எழுந்ததில் கண் இருட்டியது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க," என்றாள். "எனக்கு ஆப்பரேஷனே வேணாம். பயமா இருக்கு. வாங்க, வீட்டுக்குப் போயிடலாம். அவங்க எறங்கி வந்தா வந்துட்டுப் போகட்டும், எனக்கு வேணாம்."

தனக்கு வேண்டியதை வேண்டாம் என்று சொன்னால்தான் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். நன்றாகவே சொன்னாள். குரல் நடுங்கியது, அதற்கு நடிக்க வேண்டியிருக்கவில்லை.

"சும்மா இரு, சந்திரா!" சேதுபதி சீறினார். "இவ்வளவு தூரம் எறக்கி வச்சிருக்கேன், காரியத்தைக் கெடுக்கப் பாக்கறியே! இனிமே இதைவிட எறங்க மாட்டாங்க, எனக்கு முகத்தைப் பாத்தாத் தெரியாதா? எங்க சிஸ்டர், பேனாவைக் கொடுங்க."

போட்டார். ஒரு நொடிதான் ஆயிற்று.

ரத்தம் ஏற்றினார்கள், கர்ப்பப்பையை எடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தவள், வயிற்றுத் தையல் ஆறி, கொஞ்சங் கொஞ்சமாக மனுஷியானாள். உதட்டில் நிறம் வந்தது. மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறினாள். வெளிர்மஞ்சள் புடவை ஒன்றைக் கடையிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டாள்; வெளிர்நிறம் கட்டி எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்துப் பார்த்து, உடனே நினைப்பதை நிறுத்திக்கொண்டாள். பேசிப் பார்க்காமலே கிடைத்திருக்க வேண்டியதை இவ்வளவு நாள் கழித்து வாங்கியிருக்கிறோம் என்கிற கசப்பு மட்டும் சாப்பாட்டில் கல் மாதிரி அவ்வப்போது நெருடியது.

சேதுபதிக்கு நெருடல் ஏதும் இல்லை. சேலை விரிக்கும்போதெல்லாம் அந்தக் கதையையும் சேர்த்து விரித்தார். "ஆறு மாசம் கேட்டா அந்த வெள்ளைக்காரி. சினைப்பையெல்லாம் கேட்டா. மசிஞ்சேனா? ரெண்டு வாரத்துல கூட்டிட்டு வந்துட்டேன். இந்தா, குத்துக்கல்லாட்டம் இருக்கா பாருங்க." ஆண்கள் தலையை ஆட்டினார்கள். பெண்கள் சேலையைப் பார்த்தார்கள். சந்திரமதி மாடியில் கேட்டுக்கொண்டு இருந்தாள். உயிரோடு இருப்பதற்கு இந்தக் கதை வாடகை என்று நினைத்துக்கொண்டாள். ஒரு மனிதனின் தற்பெருமைதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்றும் நினைத்தாள்.

ஒரு சாயங்காலம் காபி கொண்டு கீழே இறங்கியபோது, மருதப்பன் மிஷினை மூடிவிட்டுக் கடைக்குள் வந்து நின்றிருந்தான். கையில் அளவுநாடாவை முறுக்கிக்கொண்டிருந்தான்.

"தங்கத்தை நேத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்ணே," என்றான். தங்கம் அவன் மனைவி, மெலிந்த பெண். "வெலக்கு இல்லாத நாள்லயும் ரத்தம் வருதுன்னு ரொம்ப நாளாச் சொல்லிட்டிருந்தா. கர்ப்பப்பை வாயில என்னமோ வளந்திருக்காம். உடனே வந்து படுக்கணும், தள்ளிப்போடவே கூடாதுன்னு சொல்றாங்க. மூணு பிள்ளைய வச்சிக்கிட்டு எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. நீங்க ஒரு நடை வந்து அந்த டாக்டர்கிட்டப் பேசினீங்கன்னா..."

சேதுபதி காபியை வாங்கி ஒரு வாய் குடித்தார். அவரை யாராவது இதற்குமேல் கௌரவிக்க முடியாது.

"பயப்படாதடா. உடனேங்கறாங்கன்னா ஆறு மாசம் இருக்குன்னு அர்த்தம். கூடாதுங்கறாங்கன்னா கூடும்னு அர்த்தம். நாளைக்குக் காலையில போவோம். முதல்ல மாத்திரையில நிறுத்துவோம், அப்புறம்..."

"மருதப்பா, அவரைக் கூட்டிட்டுப் போகாத," என்றாள் சந்திரமதி.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"நீ மேல போ, சந்திரா. ஆம்பளைங்க பேசறோம்."

"அது பேரம் இல்ல, மருதப்பா. இவரு எறக்கினாருன்னு சொல்றதெல்லாம் ஒண்ணுமே எறங்கல. அந்தம்மா முதல் நாள் என்ன சொன்னாங்களோ அதேதான் கடைசியிலயும் சொன்னாங்க. நானும் நர்சும் சேர்ந்து பொய்யா ஏத்திச் சொன்னோம், இவரு கையெழுத்துப் போடணும்கிறதுக்காக. டாக்டர் சொன்னா அதுதான் விலை. தங்கத்தை நாளைக்கே கொண்டுபோய்ப் படுக்க வை. பிள்ளைங்களை இங்க விட்டுட்டுப் போ, நான் பாத்துக்கறேன்."

மருதப்பன் அண்ணனைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான். அளவுநாடாவைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டான். "சரிங்கண்ணி," என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு வெளியேறினான். மிஷினைப் பூட்டக்கூட இல்லை, அவசரமாக ரோட்டைக் கடப்பது தெரிந்தது.

கடையில் வேறு யாரும் இல்லை. சேதுபதி மேஜைமேல் கிடந்த ஒரு புடவையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். கரையோடு கரை சேர்த்து, நீவி, மடித்தார். பிரித்து மறுபடி மடித்தார்.

"முதல் நாள் என்னதான் சொன்னாங்க?"

"கர்ப்பப்பை மட்டும். நீங்களும்தான் கூட இருந்தீங்க."

"அந்த ஆறு மாசம்?"

"யாரும் கேக்கவே இல்லீங்க."

அவர் தலையை நிமிர்த்தவில்லை. சந்திரமதி நின்றுகொண்டிருந்தாள். அந்த இரண்டு வருஷத்தைப் பற்றி அவர் ஏதாவது ஒன்று, ஒரே ஒரு கேள்வி கேட்பார் என்று காத்திருந்தாள். கேட்டார்.

"அந்த பெட்டிக்கு என்ன கொடுத்தே?"

"ஒண்ணும் கொடுக்கல."

"ஒண்ணும் வாங்காம ஒருத்தி எங்கிட்ட பொய் சொல்லுவாளா? அதுவும் மாதா கோயிலுக்குப் போறவ?"

"சும்மாதான் சொன்னா. நான் செத்துடுவேன்னு பயந்து சொன்னா."

"சும்மாவா!" அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "இந்தா, என்னை மாத்திரம் ஏமாத்தாத. எவ்வளவுதான் கொடுத்தே? கோவிச்சுக்க மாட்டேன், சொல்லு."

மறுபடியும் கேட்டார். முகம் சுருங்கி, வயதாகி, எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர்போல இருந்தார். உண்மையை அவர் எடுத்துக்கொள்ள மாட்டார் என்பது அவளுக்குத் தெரிந்தது. நாளைக்குப் பிள்ளைகள் மூன்று பேருக்கும் சேர்த்து உலை வைக்க வேண்டும். அவளுக்குக் களைப்பாக இருந்தது.

"ஒரு மைசூர் சில்க்," என்றாள்.

சேதுபதி பெருமூச்சு விட்டார். முகத்தில் ரத்தம் திரும்பிவந்தது.

"நம்ம கடையிலதா?"

"ஆமா."

"மைசூர் சில்க்கா!" நாக்கைச் சப்புக்கொட்டி, மடித்த புடவையை அலமாரியில் அடுக்கினார். "விவரம் இல்லாம ஏமாந்திருக்கியே, சந்திரா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் பேசியிருப்பேன். ஒரு நூல் புடவைக்கே ஒத்துக்கிட்டிருப்பா."